ஈரலைக் கேளுங்கோ

என் அண்ணைக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியவந்த கிழமை, மயிலிட்டியில் பாதிச் சனத்துக்கு உள்ளூரச் சந்தோசம். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. தோடம்பழமும் பிஸ்கற்றும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார்கள். திரும்பிப் போகும்போது விறாந்தையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தில்தான் சங்கதி இருந்தது. நான் அதே ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற லாப்பில் வேலை செய்கிறவள். இருபது வருசமாக அந்த விறாந்தையால் நடக்கிறவள். எந்தத் தூணடியில் நின்று சனம் எதைக் கதைக்கும் என்று எனக்குத் தெரியும்.

சந்தோசத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணை தன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயமோ கள்ளோ வாயில் வைத்ததில்லை. அதோடு நின்றிருந்தால் ஊர் அவரை மன்னித்திருக்கும். குடிக்கிறவர்களை அவர் மனிதராகவே எண்ணினதில்லை. அவருடைய படகில் தொழிலுக்குப் போக வருகிறவன் முதலில் வாயை ஊதிக் காட்டவேண்டும். வாடை அடித்தால் அவனைக் கரையில் விட்டுவிட்டு, ஆள் குறைந்தாலும் குறையட்டும் என்று இஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். கலியாண வீட்டுப் பின்வளவில் நாலு பேர் கூடி நிற்பது தெரிந்தால், சாப்பிட்ட இலையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய் அவர்களுக்குப் பிரசங்கம் வைப்பார். மீனவர் சங்கத் தலைவர் ஒருமுறை கூட்டத்துக்குக் குடிவெறியோடு வந்து கதிரையில் இருந்தபோது, "முகத்தைக் கழுவிப்போட்டு வந்து தலைமை தாங்குங்கோ" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவர் அண்ணை. எனக்கு அவரில் உயிர். ஆனாலும் அவரோடு தொடர்ந்து அரை மணித்தியாலம் இருந்து கதைக்க என்னால் முடியாது. அவ்வளவு சரியான மனிதர்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்திருக்கலாம், சீனி கூடிச் சலரோகம் வந்திருக்கலாம். வந்தது ஈரலில். ஊருக்கு அதைவிட வேறென்ன வேணும்.

ஊரை விடுங்கள், அது படிக்காத சனம் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். ஆஸ்பத்திரி என்ன செய்தது? வாட்டில் அனுமதித்த அன்று ஒரு சின்ன டொக்டர் வந்து அண்ணையிடம் விபரம் கேட்டார். புகைத்தல் இல்லை, சலரோகம் இல்லை, மதுப்பழக்கம் இல்லை என்று அண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு அந்த நோயாளர் தாளை எடுத்துப் பார்த்தேன். புகைத்தலுக்கும் சலரோகத்துக்கும் நேரே "இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மதுவுக்கு நேரே மட்டும் "மறுக்கிறார்" என்று இருந்தது. ஒரே வாய், ஒரே நேரம், ஒரே குரல். சலரோகத்தைப் பற்றி அந்த வாய் சொன்னது உண்மை, மதுவைப் பற்றிச் சொன்னது வாக்குமூலம். கடலில் நிற்கிறவன், கறுத்துக் காய்ந்தவன், சாரத்தோடு வந்தவன் குடிக்காமல் இருப்பானா என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிற கேள்வி. உடுப்பிட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட அதிபர் இதே வருத்தத்தோடு இதே கட்டிலில் கிடந்திருந்தால் "இல்லை" என்றே எழுதியிருப்பார்கள்.

டொக்டர்மாருக்கும் வேறுவிதமாக நினைக்க வழி இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு என்று சொல்லத்தான் வேண்டும். ஈரலில் கட்டி வந்தால் முதலில் பார்ப்பது ஹெப்பரைற்றிஸ் கிருமிகளை. பி வகையும் சி வகையும் இரத்தத்தில் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை எங்கள் லாப்பினது. அண்ணையின் இரத்தத்தை நானே என் கையால் சோதித்தேன். இரண்டும் இல்லை. கிருமி இல்லை, சலரோகம் இல்லை, உடம்பும் பருமனில்லை. மிச்சம் குடிதான். பெரிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலே ஒருக்கால் நன்றாக விசாரித்துப் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

நான் விசாரித்தேன். எப்படி விசாரித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலிட்டிக்குப் போனேன். அண்ணை சாய்மனைக் கதிரையில் நித்திரையாகக் கிடந்தார். போர்வையைச் சரிசெய்கிற சாட்டில் குனிந்து அவருடைய வாயை மோந்து பார்த்தேன். மருந்து மணம் மட்டும் வந்தது. குசினிக்குள் போய் அரிசி வாளிக்குப் பின்னாலும் விறகுக்குக் கீழும் தேடினேன். ஒரு போத்தல் இருந்தது, அதில் நல்லெண்ணெய். மற்றவர்களை நான் இவ்வளவு இளக்காரமாகச் சொல்லுகிறேனே, அவர்களில் ஒருவரும் அரிசி வாளிக்குப் பின்னால் கைவைத்துத் தேடவில்லை.

அந்த மாதம்தான் வெளிநாட்டு டொக்டர் வந்து சேர்ந்தார். என் வயதுப் பெண். சின்னவயதில் இங்கேயிருந்து போய், வேறொரு நாட்டில் படித்து, ஈரல் புற்றுநோயின் மரபணுக்களை ஆராய்கிறவர். இங்கே வருகிற நோயாளரின் கட்டியில் ஒரு சிறு துண்டும் கொஞ்சம் இரத்தமும் எடுத்து, அதிலுள்ள மரபணு எழுத்துக்களை முழுக்க வாசித்துப் பார்க்கிற ஆராய்ச்சி. தண்ணீர்ப் போத்தலும் கையுமாகவே திரிந்தார். பனைமரத்தைக் கண்ட இடமெல்லாம் நின்று படம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில், "உங்கள் ஒத்துழைப்புக்கு மிகவும் நன்றி" என்று வாட்டைக் கூட்டுகிற அம்மாவுக்கும் சொன்னார். எங்கள் லாப்பின் குளிர்பெட்டியில் துண்டுகளை வைத்துப் பாதுகாக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கரண்ட் போனால் ஓடிப்போய் ஜெனரேற்றரைப் பார்க்கிற பொறுப்பும்.

அண்ணைக்கு எப்படியும் கட்டியில் ஊசி போட்டுத் துண்டு எடுக்க இருந்தார்கள். இன்னும் ஒரு துண்டு கூடுதலாக எடுக்கச் சம்மதமா என்று கேட்க நானும் அந்த டொக்டரும் போனோம். இதனால் உங்களுக்கு நேரடியான பயன் எதுவும் கிடையாது, வருங்காலத்தில் மற்றவர்களுக்கு உதவலாம் என்று அவர் எழுதிவைத்ததை ஒப்புவித்தார். அண்ணை வருங்காலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதிலை என்னத்தாலை வந்தது எண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

சில வேளைகளில் தெரியலாம் என்றார் டொக்டர். சில காரணங்கள் மரபணுவில் தங்கள் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும், எல்லாம் அல்ல.

"அப்ப எடுங்கோ. நான் சொன்னால் ஒருதரும் நம்பீனமில்லை. ஈரலைக் கேளுங்கோ."

சம்மதப் படிவத்தை நான் வாசித்துக் காட்டினேன். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில், உங்களுக்கோ குடும்பத்துக்கோ முக்கியமான எதுவும் தெரியவந்தால் அறிவிக்க வேண்டுமா என்று ஒரு கேள்வியும், பக்கத்தில் இரண்டு பெட்டிகளும். அண்ணை பேனையை வாங்கி "ஆம்" என்ற பெட்டியில் கடதாசி கிழிகிற அளவுக்கு அழுத்திக் கோடு போட்டார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். கட்டி பெரிது, வெட்டி எடுக்க இடமில்லை. கடைசி மாதம் வயிற்றில் தண்ணீர் கட்டியது. அந்த நிலையிலும் பார்க்க வந்த ஒருவரின் வாடையைப் பிடித்து, கட்டிலை விட்டு எட்ட நிற்கச் சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தா. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாலு மாதத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

செத்தவீட்டில் சங்கத் தலைவர் இரங்கல் உரை ஆற்றினார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது அவருடைய பதவி. கடலை நேசித்தவர், கோயில் காரியங்களில் முன்நின்றவர் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, "ஆரும் அறியக் குடிச்சு நாங்கள் கண்டதில்லை" என்றார்.

ஆரும் அறிய. அந்த இரண்டு சொல்லுக்காகவே அவர் எழும்பி நின்றார் என்று நினைக்கிறேன். பந்தலுக்குள் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், துக்கத்தாலல்ல. அண்ணையின் மகள் மட்டும் நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தபடி இருந்தாள்.

பிறகு பத்து மாதம் ஒரு செய்தியும் இல்லை. துண்டுகள் எல்லாம் உறைபனிப் பெட்டியில் வெளிநாட்டுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு டொக்டர் திரும்பி வந்து எங்கள் ஆஸ்பத்திரிக் கேட்போர் கூடத்தில் முதல்கட்ட முடிவுகளைப் பற்றி ஒரு பேச்சு வைத்தார். பேச்சுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிற்றுண்டிக்கு வந்தவர்கள். திரையில் ஒவ்வொரு நோயாளரும் ஒரு நிறக் கோடாக நின்றார்கள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். குழாய்களில் இலக்கம் ஒட்டினவள் நான். பதினேழு யார் என்று எனக்குத் தெரியாதா?

பதினேழைப் பற்றி டொக்டர் மற்றவர்களைவிடக் கூடுதலான நேரம் கதைத்தார். மிகவும் சுவாரசியமானவர் என்று சொன்னார். என் அண்ணையை யாரும் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

பேச்சு முடிந்து எல்லாரும் பற்றிசுக்கும் ரோல்சுக்கும் போன பிறகு நான் அவரிடம் போய், பதினேழின் குடும்பம் முடிவைக் கேட்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. தனிப்பட்ட முடிவுகளை வெளியிட விதிகள் இடம் தருவதில்லை, இது ஆராய்ச்சி, சிகிச்சை அறிக்கை அல்ல, ஒழுக்கக் குழு இருக்கிறது என்று தன் சுத்தமான தமிழில் விளக்கினார். நான் அலுமாரியிலிருந்து படிவத்தின் பிரதியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்தப் பெட்டியைக் காட்டினேன்.

"செத்துப்போன ஆள் ஓம் எண்டு எழுதித் தந்திருக்கிறார். உங்கடை குழு இதை வாசிச்சதோ?"

அவர் அதைக் கனநேரம் பார்த்தார். இந்தப் பெட்டியில் யார் என்ன குறித்தார்கள் என்று ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். அந்த ஒரு விசயத்துக்காக அவருடைய தண்ணீர்ப் போத்தலையும் பனைமரப் படங்களையும் நான் மன்னித்தேன். இரண்டு கிழமை கழித்து, குழுவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னையும் அண்ணியையும் இருத்தி விளக்கம் சொன்னார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி சொல்லுகிறேன். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நாலே நாலு எழுத்துக்களால் எழுதின நீளமான எழுத்து ஒன்று இருக்கிறது. அண்ணையின் இரத்தத்தில் இருப்பது அவர் பிறக்கும்போது கொண்டுவந்த எழுத்து. கட்டியில் இருப்பது திரிந்துபோன எழுத்து. இரண்டையும் இயந்திரத்தால் வாசித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாழ்கிற காலத்தில் எங்கே எங்கே எழுத்து மாறியது என்று தெரியும். சிகரெட் புகை ஒருவிதமாக மாற்றும். வெயில் இன்னொரு விதமாக. மாற்றின விதத்தைக் கொண்டு மாற்றினது எது என்று ஓரளவுக்குச் சொல்லலாம்.

அண்ணையின் கட்டியில் இரண்டு விசயம் இருந்தது. ஒன்று, ஹெப்பரைற்றிஸ் பி கிருமியின் எழுத்து அவருடைய ஈரலின் எழுத்துக்குள்ளேயே போய்ச் செருகியிருந்தது. நான் இரத்தத்தில் தேடினது கிருமியின் மேலங்கியை. அது அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே குடியிருந்திருக்கிறது. இரண்டாவது, கட்டிகள் வளரவிடாமல் காவல் நிற்கிற மரபணு ஒன்றில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அந்த இடத்தில் அந்த மாற்றம், பூஞ்சணம் பிடித்த தானியத்தையும் கச்சான் என்கிற நிலக்கடலையையும் நெடுகத் தின்றவர்களின் ஈரலில் காணப்படுகிற ஒன்று. அதோடு ஒத்துப்போகிற மாற்றங்கள் மற்ற இடங்களிலும் பரவிக் கிடந்தன. அந்தப் பூஞ்சண நஞ்சும் பி கிருமியும் ஒரே ஆளில் சேர்ந்தால் புற்று வருகிற ஆபத்து பல மடங்கு கூடும்.

"குடி?" என்று நான் கேட்டேன்.

"மதுவோடு தொடர்புடைய மாற்றங்களை நாங்கள் காணவில்லை. ஆனால் அவர் குடிக்கவே இல்லை என்று இதைக் கொண்டு நிரூபிக்க முடியாது."

விஞ்ஞானமும் அந்த வாட்டுத் தாள் எழுதின சின்ன டொக்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. எந்த வருசம், எந்த மூட்டை என்றும் சொல்ல முடியாது என்றார். அதைச் சொல்ல அவர் தேவையில்லை.

தொண்ணூறில் யுத்தத்தால் மயிலிட்டியை விட்டு ஓடினபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணைக்குப் பதினெட்டு. மாதக்கணக்கில் என்று நினைத்துப் போய், முகாமிலும் முகாமைப்போன்ற கொட்டில்களிலும் வருசக்கணக்கில் கிடந்தோம். பாதை பூட்டியிருந்த காலம். நிவாரணம் என்று வந்த மூட்டைகள் எங்கே எவ்வளவு காலம் ஈரத்தில் கிடந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. சோளமும் கச்சானும் கட்டிபட்டு, பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கும். பாரம் ஏற்றி அனுப்பினவர்களுக்கு அது புண்ணியம். கணக்கெடுத்து இறக்கினவர்களுக்கு அது கடமை. பூஞ்சணத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், கிடைக்கிறதைக் கொண்டு போங்கள் என்பார்கள். நாங்கள் அதைச் சீலையில் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வறுத்துத் தின்றோம். வறுத்தால் மணம் போகும். அந்த நஞ்சு போகாது என்று பிறகு படித்தேன். நான் கைத்த கச்சானைத் துப்பிவிட்டு அழுவேன். துப்பாமல் தள்ளிவிட்டதையெல்லாம் அண்ணை தின்பார். அது அவருக்குப் பெருந்தன்மையல்ல, பசி. எனக்கும் அது பாசமாகத் தெரிந்ததில்லை, என் பங்கை அவர் தின்கிறார் என்று அம்மாவிடம் கோள் சொல்லியிருக்கிறேன்.

அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்தா. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி. யாரோ செய்வினை செய்துவிட்டதாகப் பக்கத்துக் கொட்டில்களில் சொன்னார்கள். தாய்க்கு வந்தால் சூனியம், மகனுக்கு வந்தால் சாராயம். இந்த ஊரில் ஈரல் நோய் என்றொரு நோய் தன்பாட்டில் வந்ததே இல்லை.

டொக்டர் எல்லாம் சொல்லி முடிய அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது, பாத்தீங்களோ, இனி ஒருதரும் அவரைக் குடிகாரன் எண்டு சொல்லேலாது என்று நான் சொன்னேன். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு உது புதினமில்லை. நான் அவரின்ரை வாயை மோந்து பாக்கேல்லை. நீர்தான் பாத்தனீர்."

அன்றைக்கு அண்ணி குசினி வாசலில் நின்றிருக்கிறா. ஒரு வருசத்துக்கு மேலாக அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறா. பஸ் வந்தது. மயிலிட்டி மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ யன்னலால் வெளியே பார்த்திருப்பா, அவ்வளவுதான்.

ஆண்டுத் திவசத்துக்கு ஊரில் பாதிப்பேர் சாப்பிட வந்தார்கள். பாயசம் ஊற்றுகிற நேரம் நான் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கிருமியைப் பற்றி, பூஞ்சணத்தைப் பற்றி, எழுத்து மாறினதைப் பற்றி. முகாமில் எங்களோடு இருந்தவர்கள் எல்லாரும் ஒருக்கால் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, விளக்கமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். சபை அமைதியாகக் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் அக்கறையோடு கேட்டார்:

"அப்ப ஆள் கச்சான் திண்டோ செத்தது?"

ஒரு கிழமைக்குள் அதுதான் ஊரின் கதையானது. வாழ்நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்து கடைசியில் கச்சானால் செத்த மனிதர். சந்தியில் கச்சான் வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துச் சிரித்தார்கள். தலைவர், தான் கச்சானைத் தொடுவதில்லை, மற்றதால் ஆபத்தில்லை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்று சொல்லித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். கடல் கடந்து கொண்டுபோய், பரம்பரை எழுத்து முழுவதையும் வாசித்து, கொண்டுவந்து கொடுத்த உண்மையை என் ஊர் ஒரு கிழமையில் கடித்துத் துப்பிவிட்டது.

ஊரைத் திட்டுவதில் நான் மும்முரமாக இருந்தபடியால் எனக்கு ஒரு விசயம் உறைக்கவில்லை. அதைச் சொன்னது அண்ணையின் மகள்தான். தானும் தாயும் சோதித்துவிட்டோம், இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று ரெலிபோனில் சொல்லிவிட்டு, "மாமி, நீங்கள் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பி கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது. எங்கள் இருவருக்கும் தாய் ஒன்று. ஆயிரக்கணக்கான பேருடைய இரத்தத்தில் அந்தக் கிருமியைத் தேடின நான் என் இரத்தத்தில் ஒருநாளும் தேடினதில்லை. வேலைக்குச் சேரும்போது தடுப்பூசி போட்டேன், அதற்குமுன் யாரும் சோதிக்கவில்லை. ஏற்கெனவே கிருமி உள்ளவருக்கு அந்த ஊசியால் பயனில்லை. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் இதில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

அடுத்தநாள் காலை என் இடதுகையில் நானே ஊசி ஏற்றி எடுத்துச் சோதித்தேன். சோதனைப் பட்டியில் ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. இரண்டும் தெளிவாக வந்தன. அண்ணையில் ஒளித்துக்கொண்ட கிருமி என்னில் ஒளிக்கவே இல்லை, நாற்பது வருசமாகப் பார்க்க வருவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றதுபோல நின்றது. கதிரையில் இருந்து அந்த இரண்டு கோட்டையும் பார்த்தேன். பயம் வர முன்னம் எனக்கு வந்தது வெட்கம்.

பெரிய டொக்டர் நல்ல மனிதர். ஈரலை ஸ்கான் பண்ணி, கட்டி ஒன்றும் இல்லை, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லி, தினமும் போட ஒரு குளிசை எழுதித் தந்தார். என்னுடைய வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டுக்கொண்டார், அதோடு அவர் அந்தக் கதையை எடுத்ததில்லை. மானிப்பாயில் அவர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. லாப்பில் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி நேரத்தில் என் கோப்பை அலுமாரியின் தனித் தட்டுக்குப் போனது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கோப்பையால் இது தொற்றாது என்பதை அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, கோப்பை தனித்தட்டில் இருக்கிறது.

எனக்கு ஏன் அண்ணையைவிட நல்லபடியாக இருக்கிறது என்று பெரிய டொக்டரிடம் கேட்டேன். பல காரணங்கள் இருக்கலாம், ஆண்களுக்கு ஆபத்துக் கூட, வயதும் வேறு என்றார். அந்தப் பூஞ்சணமும் ஒன்றாக இருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். நான் தள்ளிவிட்ட கச்சானை எந்த இயந்திரமும் எண்ணித்தராது. நானாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ஊரைக் கேட்கவில்லை. எங்கள் பெரிய டொக்டரைக் கொண்டு கடிதம் எழுதுவித்து, மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தேன். வெளிநாட்டு டொக்டரும் ஒரு கை கொடுக்க வந்தார், இந்தமுறை கையில் செவ்விளநீர். ஆண்கள் பத்து மணிக்குப் படலையடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வலை பொத்தவேண்டும் என்று போய்விட்டார்கள். பெண்கள் வந்தார்கள். முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்தவர்கள், அப்போது தாவணி போட்டிருந்தவர்கள், இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள். கதைத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். யார் வீட்டுக்குள் என்ன மூட்டை இருந்தது, யார் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனது என்று முப்பது வருசத்துச் சண்டையை அங்கேயே திரும்பவும் பிடித்தார்கள்.

மத்தியானம் பெட்டியைப் பூட்டப்போகிற நேரம் தலைவர் வந்தார். கட்டடம் என் பொறுப்பு, பார்க்க வந்தேன் என்றார். கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுச் சேட்டின் கையைச் சுருட்டினார்.

"தங்கச்சி, இதிலை குடிக்கிறதும் தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. அதுக்கு இரத்தம் எடுக்கத் தேவையில்லை" என்றேன்.

பக்கத்தில் நின்ற பெண்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கையை மேசையில் நீட்டி வைத்தார். நரம்பு பிடிபடாமல் இரண்டுமுறை குத்தவேண்டி வந்தது. வேணுமென்று செய்யவில்லை. முகாமில் செத்துப்போன தன்னுடைய மூத்த தமையனைப் பற்றி அப்போதுதான் சொன்னார். வயிறு வீங்கித்தான் செத்தவராம். தாங்களும் அதைக் குடியென்றே சொல்லிவந்தார்களாம்.

அவருக்குக் கிருமி இல்லை, ஸ்கானிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. தினமும் பின்னேரம் சாராயம் கண்டும் அந்த ஈரல் சிலையைப்போல இருக்கிறது. இதில் நியாயம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். பெண்களில் சிலருக்கு இருந்தது. ஒருத்தி விடாமல் எல்லாரையும் கிளினிக்கில் பதிந்துவிட்டேன். வரமாட்டேன் என்று நின்ற ஒருத்தியை அவளுடைய மகனிடம் சொல்லி மோட்டார்சைக்கிளில் ஏற்றி வரப்பண்ணினேன். வழிமுழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தாளாம். நானும் என் முறைக்குக் காத்திருந்த கிளினிக் வாங்கில், என் பக்கத்தில் வந்து இருந்தும் திட்டினாள். பிறகு தன் இலக்கத்தைக் கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து நித்திரையானாள்.